கப்பலைத் திருப்பியவளின் விசா

துறைமுகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கொக்கி. கிரேன் ஓட்டுகிறவள் என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். ஒரு விஷயத்தில் மாட்டினாள் என்றால் அவளாகக் கழன்றால்தான் உண்டு. பெண்கள் உடை மாற்ற ஓர் அறை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அறை கிடைத்தபோது முப்பத்தொன்று. நடுவில் நான்கு மேலாளர்கள் மாறினார்கள். நான்கு பேரும் போகும்போது, அடுத்து வருகிறவரிடம் சாவிக்கொத்தோடு அவளைப் பற்றியும் ஒரு வார்த்தை காதில் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

புருஷன் கப்பல் வெல்டர். கல்யாணமாகி ஆறாவது வருஷம் வெளிநாட்டில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம், நிரந்தரமானதும் அவளை அழைத்துக்கொள்வது என்று பேச்சு. அவள் தங்கையோடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தாள். தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டு வருஷம் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். கொக்கியும் நம்பினாள். அதற்குள் அந்தக் கப்பல் வந்து சேர்ந்தது.

கப்பலில் நாற்பத்தொரு கன்டெய்னர் பெட்டி. சரக்குச் சீட்டில் எழுதியிருந்தது பழைய காகிதம் என்று. ஏழாவது பெட்டியைத் தூக்கியபோது, அந்தரத்தில் அதன் அடித்தகடு பிளந்துகொண்டது. கீழே கொட்டியது காகிதம் அல்ல. ஆஸ்பத்திரிக் குழாய்கள், ஊசிகள், குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய துணிகள், பெயர் வைக்க முடியாத இன்னும் என்னென்னவோ. கீழே நின்ற இரண்டு கூலிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மேலே கேபின்வரை நாற்றம் ஏறியது. அவள் பெட்டியைக் கரையில் இறக்கவில்லை. ஆடாமல் அசையாமல், பச்சைக் குழந்தையைத் தூக்குகிறவள் மாதிரித் திருப்பிக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே கப்பலில் வைத்தாள். பிறகு வாக்கி டாக்கியில், "இது வந்த இடத்துக்கே போகட்டும்" என்றாள்.

மேற்பார்வையாளர் இறங்கச் சொன்னார். அவள் கேபின் கதவை உள்ளே தாழிட்டாள். ஏற்கெனவே கரையில் இறக்கியிருந்த ஆறு பெட்டிகளையும் கப்பலில் திருப்பி ஏற்றும்வரை இறங்குவதில்லை என்று சொல்லிவிட்டாள். மற்ற கிரேன்காரர்களும் எஞ்சினை நிறுத்தினார்கள். இரண்டு நாள் மேலேயே இருந்தாள். கயிற்றில் கட்டிய பையில் டீயும் ரொட்டியும் போயின. பத்திரிகைக்காரர்கள் கீழே நின்று படமெடுத்தார்கள். பின்னாளில் அவளைச் சந்தித்தவர்கள் எல்லாரும் சுற்றி வளைத்து ஒரே கேள்வியில்தான் வந்து நின்றார்கள்: இரண்டு நாள், கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள்? ஒரு வாளி இருந்தது, அதை மட்டும் நல்லவேளையாக யாரும் படமெடுக்கவில்லை என்பாள்.

மூன்றாம் நாள் காலை நாற்பத்தொரு பெட்டியோடு கப்பல் திரும்பிப் போனது. அந்தப் பெட்டிகள் வந்திருந்த நாடும், அவள் புருஷன் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த நாடும் ஒன்றே என்பது அப்போது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது. கேன்டீன் தொலைக்காட்சியில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த சூப்பை மேலே ஊற்றிக்கொண்டான். பக்கத்திலிருந்த போர்மேன், இந்த அம்மாவுக்கு என்ன துணிச்சல் பார் என்றாராம். என் சம்சாரம்தான் என்று இவன் சொல்ல, அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். நம்பவில்லை.

ஊர் முழுக்க அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது என்று சொன்னால் அது பொய். பாதி ஊர்தான் ஆடியது. அந்தச் சரக்கை வரவழைத்த கம்பெனி அதன் பிறகு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டது. பழைய காகிதம் பிரிக்கிற கிடங்கில் அறுபது பேருக்கு வேலை இல்லாமல் போனது. அதில் ஒருத்தி அவளுடைய கீழ்வீட்டுக்காரி. ஒரு வருஷம் படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். கொக்கிக்குத் தன்மேல் விழுந்த வழக்குகளைவிட அதுதான் உறுத்தியது. கிடங்குக்காரர்களுக்கு வேறு வேலை கேட்டுத் துறைமுக வாசலில் உட்கார்ந்தாள், அதற்காக ஒரு முறை கைதானாள். அறுபதில் நாற்பது பேருக்குத்தான் வேலை கிடைத்தது. கீழ்வீட்டுக்காரிக்குக் கிடைத்தது. அப்புறமும் அவள் சுவரைப் பார்த்துத்தான் ஏறினாள், ஆனால் லேசாகச் சிரித்துக்கொண்டு.

இப்படியே போராட்டத்துக்குப் போராட்டம் சேர்ந்து ஏழு கைது, ஆறு வழக்கு. வேலையிலிருந்து நீக்கினார்கள், கோர்ட் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கப்பலைத் திருப்பியதற்கு மட்டும் நாட்டு வர்த்தகத்துக்கு இடையூறு என்று ஒரு பெரிய வழக்கு.

இரண்டு வருஷம் என்றது நாலரை வருஷமாக இழுத்து, வெல்டருக்கு வேலை நிரந்தரமானது. மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்று கடிதம் வந்தது. கொக்கி விண்ணப்பப் படிவத்தோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். முப்பத்தேழாவது கேள்வி: எந்த நாட்டிலாவது நீங்கள் கைது செய்யப்பட்டதுண்டா? விவரம் தருக. விவரத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.

தங்கை, உண்டு என்று மட்டும் எழுது, போதும் என்றாள்.

"அவங்களே மரியாதையா கேக்கறாங்க. பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்கினா நல்லாவா இருக்கும்?"

பதினொரு பக்கம் தனியாக இணைத்தாள். ஒவ்வொரு கைதுக்கும் நாள், இடம், காரணம், அன்றைக்கு ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதுவரை. அந்தப் பதினொரு பக்கத்தைப் படித்துவிட்டுத் தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள்.

அடுத்தது நன்னடத்தைச் சான்றிதழ். அதைத் தரவேண்டியவர் ஏழில் ஐந்து முறை அவளைக் கைது செய்த அதே இன்ஸ்பெக்டர். அவள் உள்ளே நுழைந்ததுமே எழுந்து நின்றுவிட்டார். இன்றைக்கு என்ன, வாசலில் எத்தனை பேர் என்று கேட்டார். தனியாகத்தான் வந்திருக்கிறேன், நாட்டை விட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன் என்றதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதை மறைக்க அவருக்குப் பாவம் ரொம்ப நேரம் ஆயிற்று. நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். வழக்கு நிலுவையில் இருப்பதை எழுதாமல் விட முடியாது என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். துறைமுக நிர்வாகத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஆளுங்கட்சி ஆட்கள் சொல்லிவிட்டதாகவும், ஒரு பக்கம்கூட வேண்டாம், அரைப் பக்கம் போதும் என்றும் சொன்னார்.

"எதுக்கு சார் மன்னிப்பு? குப்பையை இறக்காததுக்கா?"

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார். பிறகு சான்றிதழை எழுதினார். ஆறு வழக்குகள் நிலுவையில் உள்ளன. எந்த வழக்கிலும் இவர் ஓடியதோ ஒளிந்ததோ இல்லை. அழைத்தபோதெல்லாம் சொந்தக் காலில் நடந்து வந்தார், சில சமயம் அழைப்பதற்கு முன்பே வந்தார். ஒரு போலீஸ்காரர் தன் வாழ்நாளில் எழுதிய மிக நேர்மையான காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

தூதரகத்தில் நேர்காணல் நன்றாகவே போனது. அந்த அதிகாரி பதினொரு பக்கத்தையும் படித்திருந்தார். ஆறு வாரத்தில் பதில் வரும் என்றார். கொக்கி கனத்த துணியில் ஒரு மேலங்கி வாங்கினாள், அங்கே குளிர் அதிகம் என்று வெல்டர் சொல்லியிருந்ததால்.

நாலாவது வாரம் அந்த நாட்டுப் பத்திரிகை ஒன்றில் அவள் படம் வந்தது. குப்பையைத் திருப்பி அனுப்பியவர் இப்போது தானே வருகிறார் என்று தலைப்பு. மறுநாள் அங்கே நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நம் சரக்கு வேண்டாம், நம் நாடு மட்டும் வேண்டுமா என்று கேட்டார். மேஜைகளைத் தட்டினார்கள். தேர்தலுக்கு ஒரு வருஷம்தான் இருந்தது. குடியேற்றத் துறை மந்திரி பயந்த சுபாவம். கோப்பு மேலும் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பரிசீலனை எட்டு மாதம் நடந்தது. முடிவில் ஒரே ஒரு தாள் வந்தது. விண்ணப்பதாரரின் வருகை பொதுநலனுக்கு உகந்ததல்ல.

அவள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தங்கை வந்து பார்த்தபோது, துவைக்க ஒன்றும் இல்லாமலேயே குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். இதுவரை அவளை வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லாம் அவள் எதிர்த்து நின்றவர்கள். இவர்களிடம் அவள் எதையும் எதிர்க்கவில்லை. கட்டினவனோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்று கேட்டாள், அவ்வளவுதான்.

வெல்டர் போனில், நான் திரும்பி வந்துவிடுகிறேன், மூட்டை கட்டிவிட்டேன் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். வா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மறுநாள் கூப்பிட்டு, மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள். தப்பு அவர்கள் பேரில் இருக்கும்போது நீங்கள் ஏன் வேலையை விடவேண்டும் என்று கேட்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. மாட்டிக்கொண்டது கொக்கி, இனி கழற்ற முடியாது.

அந்த நாட்டில் காசு வாங்காமல் வழக்கு எடுக்கிற ஒரு வக்கீலம்மாவை வெல்டர் தேடிப் பிடித்தான். அந்தம்மா கெட்டிக்காரி. எடுத்த எடுப்பில் ஒரு குறுக்கு வழி சொன்னார். உயிருக்கு ஆபத்து, அடைக்கலம் வேண்டும் என்று கேட்டால் சீக்கிரம் கதவு திறக்கும், இத்தனை வழக்கு இருக்கிறதே, யாரும் மறுக்க மாட்டார்கள் என்றார். கொக்கி யோசித்துப் பார்த்தாள். மிரட்டல் கடிதம் இரண்டு வந்ததுண்டு, இரண்டிலும் எழுத்துப் பிழை. இன்ஸ்பெக்டர் டீ வாங்கித் தருகிறார். நிஜமாகவே உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்கள் நிற்கிற வரிசையில் தான் போய் நுழைவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. வக்கீலம்மா கொஞ்சம் ஏமாற்றத்தோடு மேல்முறையீடு எழுத ஆரம்பித்தார்.

இந்தப் பக்கம் துறைமுகத் தொழிலாளர் சங்கத்திலும் ஒரு மனஸ்தாபம். அவள் போகப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சங்கச் செயலாளர் ஒரு வாரம் பேசவில்லை. இத்தனை பேரை நடுத்தெருவில் விட்டுவிட்டு நாட்டை விட்டு ஓடுகிறாளே என்று மற்றவர்களிடம் சொன்னார். அவளே போய் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் நாட்டை விட்டுப் போகலை. வீட்டுக்குப் போறேன். என் வீடு அங்கே இருக்கு, நான் என்ன பண்றது?"

செயலாளருக்கு நாற்பது வருஷக் குடும்பம். அவரால் அதற்கு மேல் முறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

விசாரணைக்கு முந்தின வாரம் மந்திரி அலுவலகத்திலிருந்து சமரசம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு எந்தப் போராட்டத்திலும் கூட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் உடனே அனுமதி. வெல்டர் போனில் அதைப் படித்துக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தான். போடு என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது. சொல்லவில்லை. அதற்காகவே அவன்மேல் அவளுக்குப் புதிதாக ஒரு பிரியம் வந்தது. மற்றவர்கள் பெண்டாட்டிகளும் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்களா என்று மட்டும் வக்கீலம்மாவிடம் கேட்டாள். இல்லை என்றார். அப்படியானால் நானும் போடவில்லை என்றாள்.

விசாரணை தூதரகத்தின் பின்னறையில் வீடியோத் திரை வழியாக நடந்தது. அந்தப் பக்கம் தீர்ப்பாயத்தில் மூன்று பேர். நடுவில் தலைவர், நரைத்த கூந்தல், கண்ணாடியை அடிக்கடி நெற்றிக்கு ஏற்றிக்கொள்கிற அம்மாள். ஒரு மூலையில் வக்கீலம்மா, பின்னால் மடித்த கைகளோடு வெல்டர். இந்தப் பக்கம் கொக்கியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும். அவர் கழுத்துப்பட்டை கட்டிய சாது மனிதர். கொக்கி பத்து வாக்கியம் சொன்னால் அதன் காரத்தையெல்லாம் வடிகட்டி இரண்டு வாக்கியமாக்கினார். மூன்றாவது முறை தலைவரம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அவர் இவ்வளவுதான் சொன்னாரா என்று கேட்டார். அதற்கப்புறம் மொழிபெயர்ப்பாளர் பயந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார், இருமலைக்கூட விடவில்லை.

அரசாங்க வக்கீல் அவளுடைய பதினொரு பக்கத்திலிருந்தே கேள்வி கேட்டார். எங்கள் நாட்டின் மேல் உங்களுக்குக் கோபம் உண்டா? குப்பையின் மேல்தான் கோபம் என்றாள் அவள். பெட்டியில் ஒட்டியிருந்த பெயர் பொய்ப் பெயர், அனுப்பினவர் யாரென்றே தெரியாதபோது நாட்டின் மேல் எப்படிக் கோபப்படுவது என்று கேட்டாள். அப்போது வக்கீலம்மா எழுந்து ஒரு காகிதத்தை நீட்டினார். திரும்பிப் போன அந்த நாற்பத்தொரு பெட்டியையும் அந்த நாட்டுச் சுங்கத்துறை திறந்து பார்த்திருக்கிறது. பொய்க் காகிதம் எழுதிய கம்பெனிக்கு அந்த நாட்டுக் கோர்ட்டே தண்டனை கொடுத்திருக்கிறது. சாட்சியமே அந்தப் பெட்டிகள்தான். அவை அன்றைக்குக் கரையில் இறக்கப்பட்டிருந்தால் வழக்கே இல்லை. உங்கள் சட்டத்தை உங்களுக்கு முன்னால் காப்பாற்றிக் கொடுத்தவரைத்தான் பொதுநலனுக்கு ஆகாதவர் என்கிறீர்கள் என்றார் வக்கீலம்மா. கொக்கிக்கு அந்தச் செய்தி அன்றைக்குத்தான் தெரியும். பெட்டிகள் போய்ச் சேர்ந்தனவா, நடுக்கடலில் தள்ளிவிட்டார்களா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

அரசாங்க வக்கீல் கடைசி அம்பை எடுத்தார்.

"உங்களை அனுமதித்தால், இங்கேயும் கிரேனில் ஏறி உட்கார மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?"

கேள்வி மொழிபெயர்ந்து வந்தது. கொக்கிக்கு அதில் என்ன சிக்கல் இருக்கிறது என்றே விளங்கவில்லை.

"வேலை கொடுத்தா தினமும் ஏறுவேன். அதுதானே சார் என் வேலை?"

மொழிபெயர்ப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சுதாரித்து அதைச் சொல்லி முடித்தார். திரையில் ஒரு சலனமும் இல்லை. போச்சு, காரியம் கெட்டது என்று கொக்கி நினைத்தாள். அந்த இணைப்பில் குரல் போய்ச் சேர மூன்று நொடி ஆகும் என்பதை மறந்துவிட்டாள். மூன்று நொடி கழித்துத் தலைவரம்மாளின் தோள் குலுங்கியது. பின்னால் வெல்டர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று அந்தச் சின்னத் திரையில் தெரியவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அனுமதி. எதிர்க்கட்சி உறுப்பினர் விடுவதாக இல்லை, அடுத்த கட்டத்துக்கு எடுத்துப் போவேன் என்று பேட்டி கொடுத்தார். அதற்குள் தேர்தல் வந்தது, அவர் கட்சி ஜெயித்தது, அவருக்கு மீன்வளத் துறை கிடைத்தது. மீனவர்கள் முதல் வாரமே அவர் வீட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டதால், கிரேன்காரி ஞாபகம் அவருக்கு வரவில்லை. இங்கே கோர்ட்டும், விசாரணை நாட்களில் திரையில் தோன்றவேண்டும் என்ற நிபந்தனையோடு போக அனுமதித்தது. ஆறு வழக்கும் அப்படியேதான் இருக்கின்றன. வாய்தா தவறாமல் தோன்றுகிறாள்.

புறப்படும் அன்று தங்கை மூன்று முறை பெட்டியை எடை போட்டாள். அழுகிற நேரம் வரும்போதெல்லாம் எடை போட்டாள். சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் வந்து, ஒரு ஓரமாக நின்று கையசைத்தார். கீழ்வீட்டுக்காரி பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினாள். கீழே வந்ததும், உடம்பைப் பார்த்துக்கோ என்றாள்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் கணினியைப் பார்த்த அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். இரண்டு மணி நேரம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெண் வந்து முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனாள். காரணம் கேட்கலாமா என்று கொக்கிக்கு நாக்கு துறுதுறுத்தது. வெளியே ஒருவன் காத்திருக்கிறான் என்பதற்காக, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேள்வியை விழுங்கினாள்.

வெளியே வெல்டர் நின்றிருந்தான். அவளுக்கென்று வாங்கி வந்த ரொட்டிகளைப் பதற்றத்தில் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்து, வெறும் பையோடு நின்றிருந்தான். ஆறு வருஷத்தில் நன்றாகப் பெருத்திருந்தான். போனில் முகத்தை மட்டும் காட்டி ஏமாற்றியிருக்கிறான். அவளும் முன்பல் ஒன்று உடைந்ததைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். இரண்டு குட்டும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டன.

இப்போது ஒரு மரக்கிடங்கில் கூரைக் கிரேன் ஓட்டுகிறாள். ஏழு மீட்டர் உயரம்தான். ஏறத் தொடங்குவதற்குள் உச்சி வந்துவிடுகிறது என்று குறைப்படுகிறாள். வாரம் மூன்று நாள் மொழி வகுப்பு. வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவருக்கும் சண்டை வந்தது. ஜன்னல் திறந்திருக்கவேண்டும் என்பது அவள் கட்சி, குளிர் உள்ளே வரும் என்பது அவன் கட்சி. அவள் திறந்தாள், அவன் மூடினான், அவள் திறந்தாள். குரல் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். வெல்டர் விருட்டென்று எழுந்து போனான். போவதற்குச் சமையலறையைத் தவிர வேறு இடம் இல்லை, அதுவும் நாலு அடியில் இருந்தது. அங்கே நின்று கொஞ்ச நேரம் பாத்திரத்தை உருட்டிவிட்டு, இரண்டு கோப்பை டீயோடு திரும்பி வந்தான்.

"பாதி திறக்கலாம்" என்றான்.

அவள் ஒரு செருப்பை மடித்து ஜன்னல் சந்தில் செருகினாள். அளவு சரியாக இருந்தது.